ஆயில் மூடியைத் திறந்தால் புகை... லாரி இன்ஜின் காலின்னு அர்த்தமா?

செகண்ட் ஹேண்டில் லாரி வாங்கப்போகிற ஆளைக் கவனித்திருக்கிறீர்களா? பெயின்ட்டைப் பார்க்க மாட்டார், சீட்டைப் பார்க்க மாட்டார். ‘‘ஸ்டார்ட் பண்ணுப்பா’’ என்பார். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறப்பார். உள்ளே இருந்து குபுகுபுவென்று புகை வந்தால் முகம் மாறிவிடும். அடுத்து அந்த மூடியையே கவிழ்த்து வாய் மேல் வைப்பார். மூடி ஆடினால், துள்ளினால் கதை முடிந்தது. ‘‘பேக் கம்ப்ரஷன் அடிக்குதுண்ணே. ரிங் போச்சு. இன்ஜினை இறக்கித்தான் ஆகணும்!’’

ஓசூரில் இருந்து சூளகிரி, கிருஷ்ணகிரி வரைக்கும் என்.எச்-44 ஓரத்தில் இருக்கும் எந்த லாரி ஷெட்டில் வேண்டுமானாலும் இந்தத் தீர்ப்பைக் கேட்கலாம். இந்த ஒரு வரியால் லாரி விலை அடித்துப் பேசப்படும். சொந்தமாக ஒரே ஒரு வண்டி வைத்து, மாசாமாசம் இ.எம்.ஐ கட்டி ஓட்டுகிற டிரைவருக்கோ இன்ஜினை இறக்குவது என்றால் லட்சங்களில் செலவு, வாரக்கணக்கில் வண்டி நிற்கும், லோடு கைமாறிப் போகும். அவ்வளவு பெரிய முடிவை ஆயில் மூடியில் வரும் புகையைப் பார்த்து எடுக்கலாமா?

கூடாது. ஏன் கூடாது என்று தெரிய, அந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

மோதிரத்தில் ஒரு வெட்டு

டீசல் இன்ஜினில் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி, சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சுகிறோம். எரியும் நேரத்தில் உள்ளே வரும் அழுத்தம், இன்றைய டர்போ இன்ஜின்களில் 150 பார், 200 பார் வரைக்கும்கூடப் போகும். லாரி டயரில் நீங்கள் பிடிக்கிற காற்று 8 பார் பக்கம்தான். டயரைப்போல 20 மடங்கு அழுத்தத்தை, மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு பிஸ்டனைச் சுற்றி அடைத்து நிறுத்தும் வேலை, அதில் மாட்டியிருக்கும் இரண்டு மூன்று ரிங்குகளுக்கு.

ரிங் என்பது முழு வட்டம் இல்லை. மெட்டி மாதிரி ஒரு இடத்தில் வெட்டியிருக்கும். சூட்டில் விரிவதற்கு அந்த இடைவெளி வேண்டும். புது ரிங்கிலேயே ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவாக ஒரு சந்து இருக்கத்தான் செய்யும். அந்தச் சந்து வழியாகவும், ரிங்குக்கும் லைனருக்கும் நடுவிலும் கொஞ்சம் வாயு நழுவி, பிஸ்டனுக்குக் கீழே இறங்கிவிடும். இதைத்தான் ‘ப்ளோ-பை’ என்கிறார்கள். நம்ம ஷெட் பாஷையில் பேக் கம்ப்ரஷன்.

ஆக, பேக் கம்ப்ரஷனே இல்லாத இன்ஜின் உலகத்தில் இல்லை. ஷோரூமில் இருந்து இறங்கிய புது வண்டியிலும் உண்டு. சொல்லப்போனால், ரிங்கும் லைனரும் இன்னும் ஒன்றோடு ஒன்று பழகாத புது இன்ஜினில் அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

எவ்வளவு வாயு? ஒரு மனக்கணக்குப் போடலாம். அசோக் லேலண்ட் ஓசூரில் தொழிற்சாலை தொடங்கியது 1980-ல். ஜப்பானின் ஹினோ நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கி உருவான ‘எச் சீரிஸ்’ இன்ஜின், இந்த ஊர் மெக்கானிக்குகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த இன்ஜின். ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட 5.7 லிட்டர். நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் 1,000 தடவை காற்றை இழுக்கும். அதாவது 5,700 லிட்டர். டர்போ அதை இரண்டு மடங்காக்கித் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால் 11,000 லிட்டரைத் தாண்டும். அதில் நூற்றில் ஒரு பங்கு நழுவினாலே நிமிடத்துக்கு 110 லிட்டர். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் வாட்டர் கேன் ஐந்தரை! நல்லா இருக்கிற இன்ஜினிலேயே தோராயமாக இந்த அளவு வாயு, ஒவ்வொரு நிமிடமும் கீழே இருக்கும் கிராங்க்கேஸுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கலாம்.

அது அப்படியே உள்ளே அடைந்துகிடந்தால் என்ன ஆகும்? பிரஷர் குக்கர்தான். அதனால்தான் ஒரு விசில் மாதிரி ‘பிரீதர்’ என்கிற மூச்சுக்குழாயை வைத்தார்கள்.

ஆயில் எப்படி சேர்ந்து வெளியே வருது?

கீழே நடப்பது அமைதியான வேலை இல்லை. கிராங்க் ஷாஃப்ட் சுழன்று, ஆயில் எல்லாப் பக்கமும் சிதறுகிறது. சூடான பிஸ்டன் அடியில் பட்ட ஆயில் ஆவியாகி, ஆறும்போது மீண்டும் துளியாகிறது. சிதறிய துளி பெரிசு; சுவரில் மோதி சம்ப்புக்கே திரும்பிவிடும். ஆவியில் இருந்து பிறந்த துளி மைக்ரானுக்கும் கீழே. தலைமுடியோட தடிமன் 70 மைக்ரான் பக்கம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அது காற்றோடு காற்றாக மிதந்து வளைவு நெளிவில் எல்லாம் திரும்பி, பிரீதர் வழியாக வெளியே வந்துவிடும். நாம் புகை என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த ஆயில் பனியும் நீராவியும்தான்.

இங்கே ஓசூருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். டிசம்பர் காலையில் பேசினாலே வாயில் புகை வருகிற குளிர். அந்த நேரத்தில் எந்த இன்ஜினின் ஆயில் மூடியைத் திறந்தாலும் ஆவி தெரியத்தான் செய்யும். அதே லாரியை மே மாசம் மத்தியானம் சென்னை மாதவரத்தில் நிறுத்தித் திறந்தால், பாதி புகைகூடக் கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் மாறவில்லை, குளிர்தான் மாறியது. லாரி விற்கிறவர் எந்த ஊரில், எந்த நேரத்தில் காட்டுகிறார் என்பதைக் கவனிப்பது உங்கள் பொறுப்பு.

இன்னொன்று, ஐடிலிங்கில் பார்ப்பதே பாதிதான் உண்மை. ரிங்கை வெளியே தள்ளி லைனரோடு அழுத்திப் பிடிப்பது அதன் ஸ்பிரிங் தன்மை மட்டும் இல்லை. மேலிருந்து வரும் வாயுவும் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. லோடு ஏற ஏற அழுத்தம் கூடும், ரிங்கும் இறுக்கிப் பிடிக்கும். சும்மா நிற்கிற வண்டியில் அந்தத் தள்ளல் கம்மி. ஆகவே, ஷெட் வாசலில் காலி வண்டியை ஐடிலில் போட்டு மூடியை ஆடவிட்டுத் தீர்ப்பு சொல்வது, ஆளை உட்காரவைத்தே ஓட்டப்பந்தயத்தில் ஜெயிப்பானா என்று சொல்கிற மாதிரி.

டர்போ வந்ததும் சிக்கல் ஏன் கூடியது?

இன்ஜினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணிப்பதுதான் சூப்பர்சார்ஜிங். கிராங்க்கில் இருந்து பெல்ட்டோ கியரோ போட்டு அந்தக் காற்றாடியைச் சுற்றினால் சூப்பர்சார்ஜர். வெளியே போகிற புகையை வைத்தே சுற்றினால் டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஷி இதற்கு 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். நம்ம ரோட்டில் ஓடுகிற லாரிகளில் இருப்பது டர்போதான்.

காற்றைக் கூட்டித் திணித்தால் சிலிண்டர் அழுத்தம் கூடும், நழுவுவதும் கூடும். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காத தலைவலி வேறு. பெட்ரோல் காரில் பிரீதர் புகையை அகற்றுவது சுலபம். இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும், ஒரு குழாயை அங்கே மாட்டிவிட்டால் அது தானாக உறிஞ்சி எரித்துவிடும். டர்போ டீசலில் அந்த இடத்தில் வெற்றிடமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. லோடு ஏறினால் அங்கே இருப்பது தள்ளும் காற்று. குழாயை அங்கே மாட்டினால் புகையை உறிஞ்சாது, காற்றை சம்ப்புக்குள் ஊதும்!

லேசான உறிஞ்சல் கிடைக்கிற ஒரே இடம், ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் குழாய். அங்கே மாட்டினால் ஆயில் பனி நேராக டர்போவின் காற்றாடிக்குள் போகும். அழுத்தப்பட்டு வெளிவரும் காற்றின் சூடு 150 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் ஆயில், தோசைக்கல்லில் காய்ந்த எண்ணெய் மாதிரி கறுப்பாகப் படிந்து இறுகும். மிச்சம் இன்டர்கூலருக்குள் போய் உட்காரும். டர்போ மந்தமாகும், இன்டர்கூலர் குளிர்விக்காது, பிக்கப் போகும்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் காரின் கிராங்க்கேஸ் புகையை அடைக்கும் வேலையை கலிஃபோர்னியா 1960-களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால், டர்போ போட்ட கனரக டீசல் இன்ஜின்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். ஆயில் பனி டர்போவையும் இன்டர்கூலரையும் கெடுத்துவிடும் என்பதுதான் காரணம். அந்த விலக்கு எடுபட்டது 2007 மாடல் இன்ஜின்களில் இருந்துதான். 40 வருஷத்துக்கும் மேல், கார் பிரீதரை மூடிவிட்டு லாரி பிரீதரைத் திறந்தே விட்டிருந்தார்கள் என்றால் சிக்கலின் அளவு புரியும்.

நம்ம பழைய லாரிகளிலும் அதே கதைதான். பிரீதர் குழாய் இன்ஜின் ஓரமாக இறங்கி, ரோட்டைப் பார்த்தபடி முடியும். லாரி நின்ற இடத்தில் சொட்டுச் சொட்டாக ஆயில் கறை. அதில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்ட கிளீனர்களை எல்லாரும் பார்த்திருப்போம். பைக், கார் மாடிஃபை பண்ணுகிறவர்கள் ‘கேட்ச் கேன்’ என்று அலுமினியத்தில் பளபளவென்று மாட்டுவதும் இதே பாட்டிலைத்தான். விலை மட்டும் வேறு.

பாலில் இருந்து வந்த வழி

ஆயிலை மட்டும் பிரித்து சம்ப்புக்குத் திருப்பி, சுத்தமான வாயுவை மட்டும் டர்போவுக்கு விட்டால் பிரச்னை தீரும். பழைய வழி, கம்பி வலையில் மோதவிடுவது. பெரிய துளியைப் பிடிக்கும், மைக்ரான் துளி தப்பிவிடும். அடுத்தது, நெருக்கமான நார் ஃபில்டர். நன்றாகப் பிடிக்கும், ஆனால் கரியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். காலாகாலத்தில் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் பிரீதரையே அடைத்த மாதிரி.

மூன்றாவது வழி அழகானது. 1878-ல் சுவீடனின் குஸ்டாஃப் டி லாவல், பாலைச் சுழற்றிக் கொழுப்பைப் பிரிக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். இன்றும் பால் பண்ணைகளில் க்ரீம் பிரிப்பது அந்தத் தத்துவத்தில்தான். அவர் தொடங்கிய நிறுவனத்தின் வழியில் வந்த ஆல்ஃபா லாவல்தான், அடுக்கடுக்கான தட்டுகளை வேகமாகச் சுழற்றி லாரி இன்ஜின் புகையில் இருந்து ஆயிலைப் பிரிக்கும் கருவியிலும் இருக்கிறது. பாலில் கொழுப்பு லேசு என்பதால் நடுவுக்கு வரும். இங்கே ஆயில் துளி கனம் என்பதால் ஓரத்துக்கு வீசப்பட்டு வழிந்து இறங்கும். அவ்வளவுதான் வித்தியாசம். வெளிநாட்டுப் பெரிய டிரக்குகளில் இது இப்போது சாதாரணம்.

இந்தப் பிரிப்பானோடு ஒரு சின்ன ரப்பர் டயாஃப்ரம் வால்வும் பல இன்ஜின்களில் இருக்கும். ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அந்தக் குழாயில் உறிஞ்சல் எக்கச்சக்கமாகும்; சம்ப்பில் இருந்து ஆயிலையே இழுக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த வால்வு. ரப்பர் கிழிந்தால் இன்ஜின் திடீரென்று ‘ஆயில் குடிக்க’ ஆரம்பிக்கும். நூறு இருநூறு ரூபாய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இன்ஜின் இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத ஒரு பார்ட் அது.

கிருஷ்ணகிரி தூசும் சூளகிரி ஏற்றமும்

கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம் ஞாபகம் வரும். லாரிக்காரர்களுக்கு கிரானைட்டும் ஞாபகம் வரும். குவாரி ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு எமன் அந்தக் கல் தூசுதான். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு, ஒரு லூஸ் கிளிப் போதும். வடிகட்டாத தூசு உள்ளே போய், லைனரையும் ரிங்கையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் வரவேண்டிய ரிங், வெகு சீக்கிரத்தில் பல்லிளித்துவிடும். அப்போது வருகிற பேக் கம்ப்ரஷன் நிஜம். இன்ஜினை இறக்கத்தான் வேண்டும். ஆனால், இறக்கிப் புது ரிங் போட்டுவிட்டு அந்த ஹோஸை மாற்றாமல் விட்டால், அடுத்த ஓவர்ஹாலிங்குக்கும் இப்போதே பணம் எடுத்துவைத்துவிடலாம்.

கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் வருவதற்குள் ரோடு கிட்டத்தட்ட 400 மீட்டர் மேலே ஏறுகிறது. சேலத்தில் இருந்து வருகிறவர்களுக்கு அதற்கு முன்னாடியே தொப்பூர் கணவாய். முழு லோடோடு டர்போ கத்திக்கொண்டே ஏறும் நேரத்தில்தான் பிரீதருக்கு உண்மையான வேலை. நல்லா ஏறி வந்த வண்டியை நிறுத்திப் பார்த்தால் பிரீதர் வாயில் கொஞ்சம் புகை இருக்கும். அது இயல்பு. பழைய ஆயில் கறையைத் துடைத்துவிட்டு ஏற்றத்துக்குப் பிறகு பார்த்தால், எவ்வளவு துப்பியிருக்கிறது என்று தெரியும். டிரைவர் அண்ணன்கள் பலர் இதைச் சொல்லிக்கொடுக்காமலே செய்வார்கள்.

இதற்கு நேர்மாறு, சிப்காட்டுக்குள்ளேயே சுற்றும் வண்டிகள். ஒரு கம்பெனியில் ஏற்றி நாலு கிலோமீட்டர் தள்ளி இறக்குவது, நடுவில் கேட் வாசலில் இன்ஜினை ஆஃப் பண்ணாமல் மணிக்கணக்கில் காத்திருப்பது. இன்ஜின் முழுசாகச் சூடே ஆகாது. நீராவி வெளியேறாமல் மூடிக்கு அடியில் ஆயிலோடு கலந்து வெண்ணெய் மாதிரி திரளும். அதைப் பார்த்ததும் ‘ஹெட் கேஸ்கெட் போச்சு’ என்று பயப்பட வேண்டாம். ரேடியேட்டரில் தண்ணீர் குறையுதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால், நீண்ட தூரம் ஒரு ஓட்டம் ஓட்டினாலே பெரும்பாலும் சரியாகும். ஆனால் ஓயாத ஐடிலிங்கை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அழுத்தம் இல்லாமல் ரிங் வழுக்கிக்கொண்டே இருந்தால் லைனர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி, ரிங் பிடிமானத்தை இழக்கும். ஜி.எஸ்.டி 2017 ஜூலை 1-ல் வந்து மாநில எல்லை வரிச் சோதனைச்சாவடிகள் போனபோது டிரைவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஜூஜுவாடி, அத்திப்பள்ளி வரிசையில் நின்ற இன்ஜின்களும் சந்தோஷப்பட்டிருக்கும்.

புகை போடுறது இன்ஜின்தானா?

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் தகவல் இதுதான். கிராங்க்கேஸுக்குள் காற்றைத் தள்ளுவது பிஸ்டன் ரிங் மட்டும் இல்லை.

லாரியில் ஏர் பிரேக் இருக்கிறது. அதற்குக் காற்று அடிக்கிற கம்ப்ரஸர் இன்ஜினோடு சேர்ந்தே ஓடுகிறது. அதன் ஆயிலும் இன்ஜின் ஆயில்தான். அந்தச் சின்ன கம்ப்ரஸருக்கும் பிஸ்டன் உண்டு, ரிங் உண்டு. அந்த ரிங் தேய்ந்தால், அது அடிக்கிற காற்று இன்ஜின் சம்ப்புக்குள் இறங்கும். வெளியில் இருந்து பார்த்தால் அச்சு அசலாக பேக் கம்ப்ரஷன்!

கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. ஏர் டேங்க் நிரம்பியதும் ‘புஸ்’ என்று ஒரு சத்தத்தோடு கம்ப்ரஸர் அழுத்துவதை நிறுத்திவிடும். அப்போது பிரீதர் புகை சட்டென்று குறைந்து, பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துக் காற்றைக் காலி பண்ணியதும் மறுபடி கூடினால், சந்தேகம் கம்ப்ரஸர் மேல்தான் போக வேண்டும். வண்டியைச் சரிவில்லாத இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

அடுத்த சந்தேகம் டர்போ. அதன் ஷாஃப்ட்டுக்குப் போகும் ஆயில், பம்ப் எதுவும் இல்லாமல் தானாக வழிந்து சம்ப்புக்குத் திரும்ப வேண்டும். டர்போ சீல் தேய்ந்தால் அந்தக் குழாய் வழியாகக் காற்று சம்ப்புக்குள் வரும். இதற்கு உல்ட்டாவும் நடக்கும். பிரீதர் அடைத்து சம்ப்பில் அழுத்தம் கூடினால், டர்போ ஆயில் கீழே வழிய முடியாமல் தேங்கி, இன்டேக் பக்கமும் எக்ஸாஸ்ட் பக்கமும் கசியும். இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் ஆயில் நிற்கும். ‘டர்போ போச்சு’ என்று புதுசு மாட்டுவார்கள். அதுவும் ஒழுகும். வாங்கின கடையில் போய்ச் சண்டை போடுவார்கள். பாவம், கடைக்காரர்! குற்றவாளி அந்த நேரம் முழுக்க பிரீதருக்குள் கரியாக உட்கார்ந்திருப்பான். (இன்டர்கூலர் ஹோஸில் லேசான ஆயில் ஈரம் இருப்பது இயல்புதான். கவிழ்த்தால் ஊற்றுகிற அளவு இருந்தால்தான் விசாரணை.)

கொத்தனார் டியூப் போதும்

புகையைக் கண்ணால் அளக்க முடியாது. அழுத்தத்தை அளக்க முடியும். அதற்குக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மீட்டர் இருக்கும். ஷெட்டிலும் ஒரு வழி உண்டு. கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி மாதிரியான லெவல் டியூப்தான் கருவி. அதை ஒரு பலகையில் ‘ப’வைக் குப்புறப் போடாமல் நிமிர்த்திவைத்த வடிவத்தில், இரண்டு கையும் மேலே பார்த்தபடி உயரமாகக் கட்டி, பாதிக்குக் கலர் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு முனையை டிப்ஸ்டிக் ஓட்டையில் காற்று கசியாமல் மாட்டினால், சம்ப்பின் அழுத்தம் தண்ணீரை ஒரு பக்கம் தள்ளும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அளவு. 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால், காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. பலகை இன்ஜினைவிட உயரமாகப் போகாமல் கீழேயே இருக்கட்டும். தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது.

அளப்பதற்கு முன் பிரீதரையும் அதன் ஃபில்டரையும் சுத்தம் பண்ணியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிங்கின் அளவா, அடைப்பின் அளவா என்று பிரிக்க முடியாது. இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். ஆயில் மேக்ஸ் கோட்டுக்கு மேலே இருக்கக் கூடாது. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஒரு லிட்டர் சேர்த்து ஊற்றுவதுகூட பிரீதரில் ஆயில் துப்பக் காரணம். கிடைக்கிற அளவை அந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எல்லையோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வண்டியோடு இல்லை. அளவு தாண்டி, கம்ப்ரஸரும் டர்போவும் குற்றவாளி இல்லை என்று ஆன பிறகு, சிலிண்டர் சிலிண்டராக கம்ப்ரஷன் பார்த்து, அப்புறம்தான் இன்ஜினை இறக்கும் பேச்சு.

ஒரு நோட்டில், இல்லையென்றால் போனிலேயே, எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் டாப்-அப் பண்ணினீர்கள் என்று எழுதிவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பேக் கம்ப்ரஷன் நிஜமாகவே கூடுகிறது என்றால் அந்தக் கணக்கு மாசாமாசம் ஏறும். நேற்றுவரை சரியாக இருந்து இன்றைக்குத் திடீரென்று ஏறினால், ரிங்கைவிட வால்வு, பிரீதர், டர்போ பக்கம் பார்ப்பது நல்லது.

தயவுசெஞ்சு அடைக்காதீங்க

ரோட்டில் ஆயில் சொட்டுகிறது, ஆர்.டி.ஓ பிடிக்கிறார் என்று பிரீதர் வாயில் துணியைச் சுற்றுவது, மரக்கட்டையை அடிப்பது எல்லாம் நடக்கிறது. நிமிடத்துக்கு 100 லிட்டர் வாயுவுக்கு வேறு வழி வேண்டுமே? முதலில் டிப்ஸ்டிக்கைத் தூக்கியடிக்கும். அப்புறம் கிராங்க் ஆயில் சீலைப் பிதுக்கும். பின்பக்க சீல் என்றால் கியர் பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும், ஆயில் கிளட்ச்சிலும் ஏறியிருக்கும். சொட்டு ஆயிலுக்குப் பயந்து வாங்கிக்கொண்ட செலவு.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. ஆயில் எக்கச்சக்கமாக இன்டேக்குக்குள் போனால், டீசல் இன்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரில் கால் இருக்காது, இன்ஜின் கத்திக்கொண்டே வேகம் ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது; சாவி நிறுத்துவது டீசலைத்தான், இது ஓடுவது ஆயிலில். கிளட்ச் வண்டியாக இருந்தால், பிரேக்கை முழுசாக மிதித்து, பெரிய கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்தலாம். இன்னொரு வழி, காற்றை நிறுத்துவது. இன்டேக் வாயைத் தட்டையான பலகையால் மூட வேண்டும். கையை வைக்கவே கூடாது. துணியும் கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் வழி இல்லையென்றால், இன்ஜினை விட்டுத் தள்ளி ஓடிவிடுங்கள். இன்ஜின் போனால் போகட்டும்.

பி.எஸ்-6 லாரி வைத்திருப்பவர்களுக்கு

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6. யூரோ-6 விதிகளைப் பின்பற்றியே இது வந்தது. கிராங்க்கேஸ் புகையைக் கண்டுகொள்ளாமல் ரோட்டில் விடும் காலம் முடிந்தது. இந்த லாரிகளில் பிரீதர் குழாயைப் பிடுங்கி வெளியே தொங்கவிடுவது, நடுவில் கேட்ச் கேன் மாட்டுவது எல்லாம் வேண்டாத வேலை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்குள் வரும் விவகாரம், வாரன்டியும் கேள்விக்குறியாகும்.

ஆனால், மூடிய அமைப்புக்கு ஒரு விலை உண்டு. பிரிப்பானைத் தப்பிய ஆயில் இப்போது இன்ஜினுக்குள் போய் எரிகிறது. எரிந்த டீசலின் கரியை, புகைக்குழாயில் இருக்கும் டி.பி.எஃப் ஃபில்டர் பிடித்துவைத்து, சூடேற்றி எரித்துவிடும். ஆயிலில் கலந்திருக்கும் உலோகச் சேர்மானங்கள் எரியாது. சாம்பலாக அந்த ஃபில்டரிலேயே தங்கும். எரித்துத் தீர்க்க முடியாத சாம்பல் அது; கழற்றிச் சுத்தம் பண்ணினால்தான் போகும். அதனால்தான் மேனுவலில் சொன்ன, சாம்பல் குறைவான சி.கே-4 மாதிரியான கிரேடு ஆயிலைத்தான் ஊற்றச் சொல்கிறார்கள். பழைய டாரஸுக்கு வாங்கிய கேனில் மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றினால், மிச்சப்படுத்திய காசு டி.பி.எஃப்-பில் சாம்பலாக நிற்கும்.

ஆகவே செகண்ட் ஹேண்டில் பி.எஸ்-6 லாரி பார்க்கப்போனால், ஆயில் மூடியை அப்புறம் திறக்கலாம். முதலில் பிரீதர் குழாய் கம்பெனி மாட்டிய இடத்திலேயே இருக்கிறதா, பிரீதர் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினார்கள், என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். சர்வீஸ் பில்லில் ‘பிரீதர்’ என்ற சொல்லே இல்லாத லாரி என்றால், விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.